கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி ஒரு பேறுகாலம்

முதல் பையன் பிறந்தது வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில். கவனிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்த வார்டில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு அப்போது இருந்த இந்தியில் காய்கறி வாங்க முடியும்; இடுப்பில் எங்கே எப்படி வலிக்கிறது என்று சொல்ல முடியாது. குடும்பத்தோடு இருக்க அனுமதி உள்ள பீஸ் ஸ்டேஷன்தான். ஆனாலும் பிரசவத் தேதியை ஒட்டி என் கணவர் வாங்கிய விடுப்பு முழுவதும் காத்திருப்பிலேயே கழிந்து, அவர் எக்சர்சைஸ் எனப்படும் ராணுவப் பயிற்சிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் வலி எடுத்தது.

இரண்டாவது உண்டானபோது அவர் அருணாசலத்தில், குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்கில் இருந்தார். எந்த இடம் என்று எழுதக் கூடாது. குளிர் என்று மட்டும் சொல்லலாம். நானும் பையனும் கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். வந்த சில நாட்களிலேயே, இந்தக் குழந்தையை வீட்டில்தான் பெறப் போகிறேன் என்று அறிவித்தேன். ஆயா, அதாவது என் பாட்டி, தன் பிள்ளைகள் எல்லோரையும் இதே தெருவில், இதே வீட்டில் பெற்றவள். பாஷை தெரியாத இடத்தில் ஒருமுறை படுத்து எழுந்த எனக்கு, அந்த அறையும் அந்த மனிதர்களும் போதும் என்று தோன்றியது. கணவரும் ஃபோனில் உடனே சரி என்றார். அவ்வளவு தூரத்தில் இருப்பவர் வேறென்ன சொல்வார். நைனா மட்டும், "யார் வந்து பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அலைந்தேன். ஆயா காலத்து மருத்துவச்சி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. அவர் மகளும் மருமகளும் அந்த வேலையைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பிழைப்பு நடந்திருக்காது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வீட்டில் பிரசவம் பார்க்கும் கை இங்கே இல்லாமலே போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். பக்கத்துத் தெருவில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். பிரசவ வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"எனக்குக் கை இருக்கிறது, மருந்து இல்லையே கண்ணு," என்றார். குழந்தை வெளியே வந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். கருப்பை சுருங்கி ரத்தம் நிற்க அதுதான் உதவும். அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். நஞ்சுக்கொடி முழுதாக விழாவிட்டால் என்ன செய்வது? குழந்தை மூச்செடுக்கத் தாமதித்தால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். ஒரு கை என்னைப் பார்த்தால் குழந்தையை யார் பார்ப்பது? 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து, ரத்தப்போக்கில் இறந்துபோன பெண்ணைப் பற்றியும் சொன்னார். பயமுறுத்தும் தொனியே இல்லை. காபி ஆற்றிக்கொண்டே, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். கர்ப்பத்தை அங்கே பதிவு செய்து, எல்லோரும் பிக்மி நம்பர் என்று சொல்லும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை வாங்கியே ஆக வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை. ராணுவக் குடும்பம், தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர் என்ற பேதம் கிடையாது. வெளி மாநிலத்திலிருந்து நடுவில் வந்து சேர்கிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆதார், பழைய ஸ்கேன், அதுவரை போட்ட ஊசிகளின் விவரம் இருந்தால் அதிகம் அலைய வேண்டியதில்லை.

"பிரசவம் எங்கே?" என்று சுகாதாரச் செவிலியர் கேட்டார். வீட்டில் என்றேன். அவர் பேனாவை மூடினார். நான் ஒரு சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். ஆனால் அவர் கேட்டது ரத்தப் பிரிவை. ஓ நெகட்டிவ்.

என் கணவர் பாசிட்டிவ். முதல் பையனும் பாசிட்டிவ். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் தாயின் நெகட்டிவ் ரத்தத்தோடு பிரசவ நேரத்தில் கலந்தால், தாயின் உடல் அதற்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளும். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது; அடுத்து வருகிற பாசிட்டிவ் குழந்தையின் ரத்த அணுக்களை அது தாக்கும். அதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. முதல் பிரசவத்தில் எனக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் காகிதம் பத்திரமாக இருந்தது. இந்த முறை முதலில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கூம்ஸ் பரிசோதனை, இல்லையென்றால் 28ஆம் வாரத்தில் ஓர் ஊசி, பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் பிரிவைப் பார்த்து, பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி. இதையெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் செய்வார்? ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் ஓ நெகட்டிவுக்கு எங்கே ஓடுவது?

இதற்குமேல் இருந்தது எங்கள் ரயில்வே கேட். வீடு தண்டவாளத்துக்கு மேற்கே, பெரிய மருத்துவமனைகள் எல்லாம் கிழக்கே. சரக்கு ரயில் ஒன்று போய் இன்னொன்று வந்து நின்றால் கேட்டில் ஆம்புலன்ஸும் நிற்கும், மாநகராட்சிக் குப்பை லாரியும் நிற்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் பக்கம் வரிசை கட்டுவது தனிக் கதை. வீட்டில் பிரசவம் நடக்கும் நாடுகளில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி பக்கத்தில் இருப்பார்; ஏதாவது கோணலானால் சட்டென்று மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடும் இருக்கும். எங்களுக்கு முதலாவது இல்லை; இரண்டாவது கேட் கீப்பர் கையில்.

ஆகவே வீட்டுப் பிரசவம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் அதிலிருந்து எனக்கு வேண்டியிருந்தவற்றை விடவில்லை. என் பாஷை பேசுகிறவர்கள், பக்கத்தில் என் மனுஷி ஒருத்தி, வலி எடுத்த உடனே கட்டிலில் போட்டுவிடாமல் நடமாட விடுவது, அவசியமில்லாத கத்தி வேண்டாம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் மருத்துவமனை தேடினேன்.

ராணுவக் குடும்பத்துக்குச் சென்னையில் முதலில் நினைவுக்கு வருவது நந்தம்பாக்கத்து ராணுவ மருத்துவமனை. செலவில்லை, பதிவேடுகளும் நேராக இருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் ஆலந்தூரில் இறங்கலாம். பரிசோதனைக்குப் போவது சிரமமே இல்லை. ஆனால் நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. நகரத்தின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு வலியோடு, அதுவும் மழைக்காலத்தில். எனக்குக் கொடுத்த தேதி டிசம்பர் முதல் வாரம். முந்தைய வருடம், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் படகில் ஏற்றிப் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொண்டுபோனதை நாங்கள் மறக்கவில்லை.

தனியார் மருத்துவமனை ஒன்றுக்கும் போய்ப் பார்த்தேன். நல்ல ஏசி. இரண்டாவது கேள்வியே, "நாள் நட்சத்திரம் ஏதாவது பார்த்து வைத்திருக்கிறீர்களா?" என்பது. அதே குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான கேஸ்களை எல்லாம் கடைசியில் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிட்ட பிறகும் கணக்கு இப்படி என்றால் நான் எந்தப் பக்கம் போவேன்? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை என்று தீர்மானித்தேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. கூட்டம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் என்றால் தினமும் பிரசவம் பார்க்கும் கைகள் என்றும் அர்த்தம். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை உள்ளே அனுமதிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கணவன்மாருக்கு அனுமதி இல்லை. எங்கள் விஷயத்தில் அது ஒரு குறையே இல்லை.

துணைக்கு யார் என்பதில்தான் வீட்டில் பூசல். அம்மா என்னைவிட அதிகமாக அழுவாள். ராயபுரத்துச் சித்தி மீன் ஏலத்தில் நின்று பழகியவள். யார் கத்தினாலும் அசரமாட்டாள். சித்தி என்று முடிவானது. அம்மாவுக்குக் கொஞ்ச நாள் முகம் தூக்கல்.

கேட் விவகாரத்துக்குச் சித்தி வீடே தீர்வானது. தேதி நெருங்கியதும் தண்டவாளத்தைத் தாண்டி அங்கே போய்த் தங்கிவிட்டேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள்; மருத்துவமனைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாள் சித்தி வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடிக்கும் வலி வந்தால் கிளம்பு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காதே. தெருமுனை ஆட்டோக்காரருக்கும் எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கும் தனித்தனியே சொல்லிவைத்தோம். 108 மூன்றாவது.

இனி விடுப்பு. ஜவான்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் 30 நாள். கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும். கம்பெனியில் யார் யார் எப்போது போவது என்ற பட்டியலில் தன் முறை வர வேண்டும், பாதை திறந்திருக்க வேண்டும், கீழே இறங்கி கவுகாத்தி வந்து ரயில் பிடித்தால் மேலும் இரண்டு நாள். சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துதான் இருக்கும். அந்தத் தேதியை நம்பி விடுப்புப் போடுவது லாட்டரி. எனவே, பிறந்த பிறகு வாருங்கள் என்றேன். பிரசவ நேரத்தில் வாசலில் நடக்கும் ஆளைவிட, அதற்கு அடுத்த மாதம் ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆள் எனக்கு உபயோகம். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. கணவர் ஒரு நாள் முழுக்க ஃபோனில் பேசவில்லை. அது கோபமா சிக்னலா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவர் இல்லாததால் முன்கூட்டியே முடித்துவைத்தவை வேறு. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கும்படி மாற்றினோம். அறுவை சிகிச்சை என்றால் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். வயது வந்த பெண்ணின் சம்மதம் போதும். வழக்கத்தில் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். பார்டரில் என்றேன், சம்மதப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்கள். ஓ நெகட்டிவ் கொடுக்க முன்வந்த இருவரின் எண்கள் நைனாவின் சட்டைப் பையில் இருந்தன.

பிரசவம் சுருக்கமானது. மாலையில் தொடங்கிய வலியோடு சித்தி வீட்டு மொட்டை மாடியில் நடந்தேன், ரசம் சாதம் சாப்பிட்டேன், வெந்நீரில் குளித்தேன். ஐந்து நிமிடக் கணக்கு வந்ததும் ஆட்டோ. விடிவதற்குள் பெண் குழந்தை, சுகப்பிரசவம். வார்டில் ஒரு அதட்டல் கேட்டது. சித்தி திருப்பி அதட்டினாள். பிறகு இரு தரப்பும் சமாதானமாகி டீ குடித்தார்கள். பிரிவு ஓ பாசிட்டிவ். ஆன்டி-டி அன்றே போட்டுவிட்டார்கள். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுபோய் விடும் 102 வண்டியில் இலவசமாக வீட்டுக்கு வந்தோம். வழியில் கேட் மூடியிருந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ராணுவக் குடும்பத்துக்குப் பிரசவம் முடிவது மருத்துவமனையில் இல்லை. பிறப்புச் சான்றிதழை வைத்து யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற அலுவல் பதிவைப் போட்டால்தான், குழந்தை பிறந்தது ராணுவத்துக்குத் தெரியும். அது ரெக்கார்ட் ஆபீஸில் ஏறினால்தான் குடும்பத்தாருக்கான அடையாள அட்டையான டிபெண்டன்ட் கார்டு, பிற்பாடு பள்ளிச் செலவுக்கான படி எல்லாம். மருத்துவமனைப் பிறப்பு என்றால் பதிவை அவர்களே செய்துவிடுகிறார்கள். வீட்டில் பிறந்திருந்தால் 21 நாளுக்குள் குடும்பத் தலைவர் போய்த் தெரிவிக்க வேண்டும், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத் தலைவர் எங்கே இருந்தார் என்பதுதான் தெரியுமே.

இதில் இடறக்கூடிய இடம் பெயர். நம் ஊரில் இனிஷியல் போதும். ராணுவப் பதிவேட்டில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும், சில சமயம் முன்பின்னாகவும். தகப்பன் பெயரும் தாய் பெயரும் அவருடைய பதிவேட்டில் உள்ள எழுத்துகளோடு அப்படியே பொருந்த வேண்டும். ஆர்.சி.எச். பதிவின்போதே அந்த எழுத்துகளைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தையின் பெயரை அவசரப்பட்டு முடிவு செய்யத் தேவையில்லை. சான்றிதழில் பெயர் சேர்க்க ஓர் ஆண்டுவரை கட்டணம் கிடையாது. மாமியாருக்கும் அம்மாவுக்கும் இடையே பெயர்ச் சண்டை நடக்கும் வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி.

கணவர் பொங்கலுக்கு முன் வந்து சேர்ந்தார். பார்ட் டூ ஆர்டர் அவர் கிளம்புவதற்கு முன்பே போட்டாகிவிட்டது. கார்டு வேலைக்குப் போகிறவர்கள் சான்றிதழின் அசலையும், பார்ட் டூ ஆர்டரின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு போவதானால் காலையிலேயே போய்விடுவது நல்லது.