காதுக்குப் படம், கைக்கு ரோபோ

நவம்பர் 16, 2024, சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. அக்கா மகன் காலையிலேயே பையோடு வந்து நின்றான். "மாமா, கடைக்குப் போலாம்னு தீபாவளிக்கே சொன்னீங்க." சொன்னேன்தான். சிங்கப்பூரில் பென்கூலன் ஸ்ட்ரீட் பக்கம் நான் வழக்கமாகப் போகும் பிளாஸ்டிக் மாடல் கடைக்குக் கூட்டிப் போனேன். கூரை வரைக்கும் பெட்டி அடுக்கிய கடை. அங்கே நான் எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் நிற்பேன், யாரும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

அவன் எடுத்தது 'கன்டம்' என்ற ஜப்பானிய ரோபோ கார்ட்டூன் தொடரில் எதிரிப் படை ஓட்டும் சிவப்பு ஸாக்கு, 1/144 அளவு, பாகம் பாகமாக வாங்கி நாமே கட்ட வேண்டியது. சிவப்பு என்று பெயர். பார்த்தால் சால்மன் மீன் போல இளஞ்சிவப்பு. "சார்னு ஒரு எதிரி வீரன் ஓட்டுறது, மாமா. மத்த ஸாக்குவை விட மூணு மடங்கு வேகம்." நான் தொடரின் நாயக ரோபோவான வெள்ளைக் கன்டத்தை எடுத்தேன், 1/100 அளவு, பாகங்கள் அதிகம் கொண்ட 'மாஸ்டர் கிரேட்' வகை. கதைப்படி 18 மீட்டர் உயரம், அதாவது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஆறாவது மாடியை எட்டிப் பார்க்கும். கைக்கு வரும்போது 18 சென்டிமீட்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்குப் பழைய கதை சொன்னேன். யோஷியுக்கி டொமினோ இயக்கிய அந்த முதல் தொடர் 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. 52 பாகம் என்று திட்டம். பார்ப்பவர்கள் குறைவு என்று 43-லேயே முடித்துவிட்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென்னுக்கு முதல் மாடலை விட்டது. மறு ஒளிபரப்பும் மாடலும் சேர்ந்துதான் கதையைக் காப்பாற்றின. அந்த முதல் பெட்டிக்குப் பசை வேண்டும், சாயம் வேண்டும். இப்போது வருகிறவை நிறத்தோடு வார்த்தவை, அழுத்தினால் பொருந்திவிடும். பையன் கேட்டது ஒன்றுதான்: "300 யென்னா எத்தனை சிங்கப்பூர் வெள்ளி?" சொன்னேன். அதற்கப்புறம் வீடு வரும்வரை இன்றைய விலையைப் பற்றியே பேசினான்.

நவம்பர் 17, ஞாயிறு

மாடல் கட்டுகிறவனுக்கு ஒரு சிக்கல். கண் ரன்னரில் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கும், கை நிப்பரில் (அவற்றை வெட்டும் குறடு) இருக்கும். மிச்சம் இருப்பது காது மட்டும்தான். கன்டம் கட்டிக்கொண்டே கன்டம் பார்க்கலாம் என்றால் நடக்காது. ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது, வசன வரியைப் படிக்க நிமிர்ந்தால் வெட்ட வேண்டிய கேட்டுக்கு, அதாவது பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் காம்புக்கு, பதில் வேறெதையோ வெட்டுவேன். அதனால் என் மேசையில் ஜப்பானிய ரோபோவெல்லாம் சிவாஜி குரலில்தான் எழுந்து நிற்கின்றன.

இன்றைக்குத் 'திருவிளையாடல்'. 1965-ல் வந்த படம், ஏ.பி. நாகராஜன் எழுதி இயக்கியது. அப்பாவிடம் இதன் வசனம் முழுக்கக் கேசட்டில் இருந்தது. ஊரில் கல்யாணவீட்டு ஒலிபெருக்கியிலும் கோயில் திருவிழாவிலும் இதைப் போட்டுக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. அகில இந்திய வானொலி 'ஒலிச்சித்திரம்' என்று படங்களைக் காதாலேயே பார்க்க வைத்தது. நம் ஆட்கள் படத்தைக் கேட்பதில் கைதேர்ந்தவர்கள். தருமியாக நாகேஷ் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் இடத்தில் இடது கால் முடிந்தது. நக்கீரர் குற்றம் சொல்லும் இடத்தில் வலது கால்.

என் அனுபவத்தில் ஒரு வரிசை உண்டு. வெட்டவும் தேய்க்கவும் ஏ.பி. நாகராஜன், பீம்சிங் படங்கள். பாகங்களின் பள்ளத்தில் கோடு வரைய இளையராஜா பாட்டு. கிரேஸி மோகன் வசனம் எழுதிய படங்கள் காதுக்கு அமிர்தம். 'மைக்கேல் மதன காமராஜன்'-இல் நான்கு கமலையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லலாம், பாலக்காட்டுத் தமிழ் வந்தால் காமேஸ்வரன். ஆனால் டெக்கல் என்ற சின்னச் சின்ன ஒட்டுப்படங்களை ஒட்டும்போது அது ஆகாது. சிரித்தால் கை ஆடும். மணிரத்னம் படம் எந்த வேலைக்கும் உதவாது. பாதி நேரம் மழைச் சத்தம், மீதி நேரம் "ஏன்?", "சும்மா".

நவம்பர் 20, புதன்

ரயிலில் கை சும்மா இருக்கிறது, கண்ணும் சும்மா இருக்கிறது. ஆகவே காமிக்ஸ். போன மாதம் ஊருக்குப் போன மச்சான், 'முத்து', 'லயன்' காமிக்ஸ் இதழ்களைப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் சிவகாசி வெளியீடு, முத்து 1972-லும் லயன் 1984-லும் தொடங்கியவை.

எடுத்தது இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர்தான். மூலம் பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் வந்தது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். ஆரம்பத்தில் அவர் நல்லவரே இல்லை, திருட்டு, மிரட்டல் எல்லாம் உண்டு, பிறகுதான் உளவாளி ஆகிறார். இதைச் சின்ன வயதில் நான் கவனிக்கவே இல்லை.

இப்போது பார்க்கும்போது பிளாஸ்கோவின் நிழல்தான் கண்ணில் நிற்கிறது. கறுப்பு வெள்ளைதான், ஆனால் தூரிகையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு படக்கட்டத்தில் காலியான அறை, கதவுப் பிடியில் ஒரு கை. அவ்வளவே. ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறான் என்பது கூட அந்த மணிக்கட்டில் தெரிகிறது. உட்லண்ட்ஸில் இறங்க வேண்டியவன், அட்மிரல்டி வரை போய்த் திரும்பி வந்தேன்.

நவம்பர் 23, சனி

அலுவலகச் சீன நண்பரோடு ஜூரோங்கில் தமிழ்ப்படம். அவருக்கு எழுத்து, எனக்குக் குரல். திரையில் ஆங்கில வரி நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வந்துவிடுகிறது. அதனால் பஞ்ச் வசனத்துக்கு அவர் முதலில் சிரிக்கிறார், நான் பிறகு சிரிக்கிறேன். பின்வரிசை அண்ணன் ஒருவர், சீனருக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்று குழம்பித் திரும்பித் திரும்பிப் பார்த்தார். படம் சுமார். பக்கோடா நன்றாக இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

வசந்தம் தொலைக்காட்சியின் உள்ளூர்த் தமிழ் நாடகத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். முடியாது. கதைக்காக இல்லை, இடத்துக்காக. "இது தோ பாயோ கோப்பிக்கடை இல்ல?" என்று அம்மா கேட்டதும் நிமிர வேண்டியிருக்கிறது. கதாநாயகி அழுகிறாள், நாங்கள் பின்னால் இருக்கும் புளோக் எண்ணைத் தேடுகிறோம். கன்டத்தின் வயிறு இன்னும் திறந்தே கிடக்கிறது.

நவம்பர் 30, சனி

இன்றைக்கு நிப்பரை மூடி வைத்துவிட்டு அம்மாவோடு 'நினைத்தாலே இனிக்கும்'. பாலசந்தர், கமல், ரஜினி, எம்.எஸ்.வி. நம்ம சிங்கப்பூரிலேயே எடுத்தது. இதைக் கேட்டால் போதாது, பார்க்க வேண்டும். பாட்டுக்கு நடுவில் பின்னால் ஓடும் சாலையும் கடையும் காரும்தான் எங்களுக்குப் படம். கமல் முன்னால் நின்று மறைத்தால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "தள்ளி நில்லுப்பா."

படம் வந்தது 1979. நான் கட்டிக்கொண்டிருக்கும் ரோபோ முதன்முதலில் திரைக்கு வந்ததும் அதே வருடம். தோ பாயோ ஆறாவது லோரோங்கில் இருக்கும் டிராகன் விளையாட்டு மைதானம், கோர் இயான் கீ வடிவமைத்தது, அதுவும் 1979. மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரே அலமாரியில் வைக்கத் தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "உங்க அக்காவை அந்த டிராகன் மேல ஏத்தி இறக்கியே என் இடுப்பு போச்சு" என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

விடுப்பு எடுத்தேன். காரணம் டாப்கோட், மாடலுக்கு மேலே கடைசியாக அடிக்கும் ஸ்ப்ரே பூச்சு. பளபளப்பை மங்கவைக்கும் மேட் பூச்சு அடிக்கக் காற்று காய்ந்திருக்க வேண்டும். ஈரம் அதிகமானால் பூச்சு வெள்ளை படர்ந்து, கரும் பாகமெல்லாம் திருநீறு பூசினாற்போல் ஆகிவிடும். இந்த ஊரில் விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் நடுப்பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆக, வேலைக்குப் போகிறவனுக்கு டாப்கோட் என்பது பகல் இரண்டு மணிச் சமாச்சாரம். அதுவும் வடகிழக்குப் பருவமழை மாதத்தில்!

மேகம் விலகியது. ஜன்னலோரம் அட்டைப்பெட்டி, குச்சியில் மாட்டிய பாகங்கள், முகக்கவசம். ஒரு கை தூரத்தில் பிடித்து, ஓரத்தில் தொடங்கி ஓரத்துக்கு அப்பால் நிறுத்தி, மெல்லிய படலமாக. இந்த நேரத்தில் எந்தப் படமும் ஓடாது. பளபளத்த பிளாஸ்டிக் மங்கி உலோகம்போல ஆகும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் நான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை. மூன்று மணிக்கு மழை கொட்டியது. அதற்குள் எல்லாம் காய்ந்திருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

வெள்ளைக் கன்டம் முடிந்தது. பையன் அதை ஒருமுறை பார்த்தான், "நல்லா இருக்கு மாமா" என்றான், தன் வேலைக்குப் போய்விட்டான். ஒரு வாரமாக அவன் கையில் இரும்புக்கை மாயாவி. தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுக்க அக்கா கெஞ்ச வேண்டும். இதை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி முடித்துவிட்டான். தெரியாத சொல்லுக்குப் பாட்டியிடம் ஓடினான்.

ஸாக்குவின் வலது கைக்கு வெள்ளிச் சாயம் வேண்டும் என்றான். நான் தடுக்கவில்லை, ஸாக்குவுக்கு வெள்ளிக்கை கிடையாது என்று பாடம் நடத்தவும் இல்லை. கையைக் கழற்றி, குச்சியில் மாட்டி, அவனே பூசினான். விரல் இடுக்கில் கறுப்புக் கோடும் போட்டான். பிளாஸ்கோவிடம் கற்றுக்கொண்டானோ என்னவோ, நிழல் சரியான பக்கத்தில் விழுந்திருந்தது.

சாயங்காலம் பார்த்தால் அலமாரியில் என் கன்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தாங்கி. அதன் நுனியில் வெள்ளிக்கை மட்டும். ஸாக்குவின் மற்ற பாகமெல்லாம் பெட்டிக்குள்.

"எங்கடா மீதி?"

"மாயாவி கரண்டைத் தொட்டுட்டாரு, மாமா."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "இத்தனை வெள்ளி கொடுத்து வாங்கினது இந்தக் கை ஒண்ணுக்குத்தானா?"

அடுத்த வாரம் கடைக்குப் போக வேண்டும் என்கிறான். அடுத்தது யார் மறையப் போகிறார் என்று கேட்டேன், சொல்ல மறுக்கிறான்.