தானப் பத்திரத்தில் இல்லாத வரி

ஜூலை 7, 2025

பெங்களூரு அல்சூரில் வாரம் ஒருமுறை முதியவர்களுக்குச் சட்ட உதவி செய்ய நாங்கள் உட்காரும் அறைக்கு இன்று ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் விஷயம் சீக்கிரம் முடிந்தது. ஐந்தாவது, 76 வயதுப் பாட்டி. மஞ்சள் பையிலிருந்து தானப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது, காத்தாவும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) மாறிவிட்டது. இப்போது படுக்கை மாடிப்படிக்குக் கீழே. "சோறு போடறான் கண்ணு" என்றார். பிறகு மெதுவாக, மாத்திரை வாங்கி இரண்டு மாதம் ஆனதைச் சொன்னார்.

பத்திரம் கன்னடத்தில். வக்கீல் அக்கா ஒரே ஒரு வரியைத் தேடினார்: 'என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்.' இல்லை. 'அன்பினாலும் பாசத்தினாலும்' மட்டும் இருந்தது. 2007-ம் ஆண்டு முதியோர் சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்ய, பராமரிப்பு நிபந்தனை வேண்டும். உச்ச நீதிமன்றம் 2022-ல் இதை அழுத்திச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் பார்த்து, அந்த வழக்கில் இருந்த தாயின் பக்கம் நின்றது. அப்படி ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று வீட்டில் தேடச் சொன்னோம்.

ஜூலை 9

நாள் முழுக்க போன். பெண் என்பதால் பாட்டிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 1987-ம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவு. தாத்தாவாக இருந்தால் பெரும்பாலும் வருமானச் சான்று கேட்பார்கள். எனக்கு இது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 12

வேறு காகிதம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், பாட்டிக்கு வீடு திரும்ப வேண்டாம். "அவனைத் தெருவுல நிறுத்திடாதீங்க. மாத்திரையும் ஒரு ரூமும் போதும்." எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வழக்கு அவருடையது, கோபம் என்னுடையது. சரி, மகனிடம் மாதப் பணம் கேட்கும் பராமரிப்பு மனு. மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள்.

ஜூலை 16

இந்த மனுக்களை விசாரிக்கும் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. கையெழுத்துக்கு முன் கன்னட மனு முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'கொடுமைப்படுத்துகிறான்' என்ற இடத்தில் நிறுத்தினார். "அது வேணாம் கண்ணு. கவனிக்கலைன்னு போடு." அக்கா உட்கார்ந்து திருத்தி எழுதினார். ஆட்டோவில் திரும்பும்போது பாட்டி தூங்கிவிட்டார்.

ஜூலை 21

இன்று வந்த ஒரு பெரியவர் அடுத்த வாரம் மகளுக்கு வீட்டைப் பதியப் போகிறாராம். வாழ்த்துச் சொல்லிவிட்டு, வரைவைப் பதிவுக்கு முன் கொண்டு வரச் சொன்னேன். "பெத்த பொண்ணுகிட்டயே நிபந்தனையா?" என்றார். ஆமாம் ஐயா, ஒரு வரிதான் என்றேன். வியாழக்கிழமை கொண்டு வருகிறார்.