அக்கா வீட்டுக்குப் பறப்பதா, காரிலேயே போவதா?

டல்லாஸிலிருந்து சான் அன்டோனியோவிலுள்ள அக்கா வீட்டுக்குச் சாலைவழி போய்வர ஏறத்தாழ 900 கிலோமீட்டர். காருக்கு 60 டாலர் பெட்ரோல் போதும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிப் போனால், எஞ்சின் ஓடும் நேரத்தைக் கணக்கிடும் மீட்டர் போக வர ஐந்து மணி நேரம் காட்டுவதால், மணிக்கு 170 டாலர் வீதம், எரிபொருள் உட்பட 850 டாலர் ஆகிறது. உடன் வருபவரோடு செலவைப் பகிரலாம். ஆனால் என்னைப் போல் தொழிலாக அல்லாமல் பறக்கும் தனியார் விமானி தன் சம பங்குக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. என்னோடு வருபவர் என் கணவர் என்பதால் அதிலும் லாபமில்லை.

நேரமாவது மிச்சம் என்றிருந்தேன். போன நவம்பரில் மேகம் தாழ இறங்கிவிட, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி எனக்கு இல்லாததால், ஒரு நாள் முழுவதும் அக்கா வீட்டு வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நின்ற விமானத்துக்கும் குறைந்தபட்ச வாடகை ஏறியது. இம்முறை காரில்தான் போகிறோம். அக்கா கேட்ட கிரைண்டரை எடைக்கணக்குப் பார்க்காமல் ஏற்றிக்கொள்ளலாம்.