சின் வம்சத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்: முதுகலை வரலாற்றுத் தேர்வில் நான் விடையெழுதிய முறை

முதுகலை வரலாறு முதலாண்டுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. பண்டைய உலக நாகரிகங்கள் தாளில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது. அந்த நிம்மதி ஆறுவதற்குள், அடுத்து எழுதப்போகும் தமிழ்வழி மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. சீனப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் சின் வம்சக் கட்டுரை வினாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாளிலேயே நான் மிகுந்த நம்பிக்கையோடு எழுதிய விடை அதுதான். அதற்குக் காரணமான பழக்கமும் ஒன்றே ஒன்றுதான்.

சின் வம்சத்தைப் பற்றி ஒரு செய்தியை எழுதும்போது, அதைச் சொன்னவர் யார், எந்தக் காலத்தில் சொன்னார் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். கடைசியில் 'சான்றுகள்' என்று தனிப்பத்தி போடுவதால் இந்தப் பயன் கிடைக்காது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: கொடுங்கோல் மன்னன், எரிக்கப்பட்ட நூல்கள், புதைக்கப்பட்ட அறிஞர்கள், நெடுஞ்சுவர், 15 ஆண்டுகளில் அழிவு. இந்தக் கதையின் பெரும்பகுதி சீமா சியான் எழுதிய வரலாற்றுப் பதிவுகளிலிருந்து வருகிறது. அவர் சின் வம்சத்தை வீழ்த்தி எழுந்த ஹான் வம்சத்தின் அரசவையில் பணிபுரிந்தவர். சின் வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பிறகு எழுதியவர். அவர் பொய் சொன்னார் என்று எழுதினால் அது பெரும் பிழையாகும், ஏனெனில் அவர் இல்லாவிட்டால் இந்த வம்சத்தின் அரசியல் வரலாற்றையே நம்மால் தொடர்ச்சியாகச் சொல்ல முடியாது. ஆனால் 1975-ஆம் ஆண்டு ஹூபே மாநிலத்தின் யுன்மெங் பகுதியில் உள்ள ஷுய்ஹூதி என்னும் இடத்தில், சின் ஆட்சியில் நீதிப் பணிகளைப் பார்த்த 'சி' என்ற சிற்றதிகாரியின் கல்லறையிலிருந்து 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அந்த ஆட்சி நடந்தபோதே, அதன் அலுவலர் ஒருவர் பயன்படுத்திய சட்டங்கள் அவற்றில் இருக்கின்றன. சீமா சியான் ஒருபுறம், ஷுய்ஹூதி ஏடுகள் மறுபுறம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் கட்டுரை தானாகவே ஆய்வுத்தன்மை பெற்றுவிடும்.

இதற்கு நான் தேர்வில் பயன்படுத்திய எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கி.மு. 209-இல் சென் ஷெங், வூ குவாங் இருவரும் கிளர்ச்சி செய்த நிகழ்ச்சியை எல்லோரும் எழுதுவார்கள். சீமா சியான் கூறுவதன்படி, எல்லைக் காவலுக்காக யூயாங்குக்கு அனுப்பப்பட்ட 900 பேர் தாசேஷியாங் என்ற இடத்தில் பெருமழையில் சிக்கிக்கொண்டார்கள். குறித்த நாளில் போய்ச்சேர முடியாது, தாமதித்தால் சட்டப்படி தலை போகும், எப்படியும் சாவுதான் என்றால் நாட்டுக்காகச் சாகலாம் என்று அவர்கள் எழுந்தார்கள். ஷுய்ஹூதி ஏடுகளில் உள்ள கட்டாய உழைப்புச் சட்டமோ வேறுவிதமாகப் பேசுகிறது. 3 முதல் 5 நாள் தாமதத்துக்குக் கண்டிப்பு. 6 முதல் 10 நாள் வரை ஒரு கேடயத்தின் மதிப்புள்ள அபராதம். 10 நாளைக் கடந்தால் ஒரு கவசத்தின் மதிப்புள்ள அபராதம். மழை பெய்து பணி நடக்க முடியாவிட்டால் அந்த அழைப்பே நீக்கப்படும். மரண தண்டனை என்ற பேச்சே அதில் இல்லை.

இங்கே அவசரப்பட்டு 'ஆகவே சீமா சியான் கூற்று தவறு' என்று முடித்துவிடக் கூடாது. அந்த ஏடு பொதுப்பணிக்கான உழைப்பைப் பற்றியது. தாசேஷியாங்கில் இருந்தவர்கள் எல்லைக் காவலுக்குச் சென்றவர்கள், அவர்களுக்குப் படைச் சட்டம் பொருந்தியிருக்கலாம். 'சி' இறந்தது கி.மு. 217 அளவில், கிளர்ச்சி நடந்தது இரண்டாம் பேரரசன் ஹூஹாயின் காலத்தில், இடையில் சட்டம் கடுமையாகியிருக்கவும் கூடும். தம்மோடு இருந்தவர்களைத் துணியவைக்கச் சென் ஷெங்கே தண்டனையைப் பெரிதாக்கிச் சொல்லியிருக்கலாம் என்பதும் நினைத்துப் பார்க்கத்தக்கது. இந்த மூன்று வாய்ப்புகளையும் மூன்று வாக்கியங்களில் எழுதினேன், அரைப்பக்கம்தான் ஆயிற்று. அந்த அரைப்பக்கம்தான் என் விடையைப் பிறர் விடைகளிலிருந்து பிரித்துக் காட்டியது என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி எழுச்சிப் பகுதி. இதை முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கிடமிருந்து தொடங்க வேண்டாம். கி.மு. 356-லும் 350-லும் அப்போது ஒரு நாடாக மட்டும் இருந்த சின்னில், ஷியாவ் கோமகனின் ஆட்சியில் அமைச்சர் ஷாங் யாங் செய்த சீர்திருத்தங்களிலிருந்து தொடங்குங்கள். ஐந்து, பத்துக் குடும்பங்களை ஒரு தொகுதியாக்கி ஒருவர் குற்றத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்கியது, போரில் வெட்டிய தலைகளுக்கு ஏற்பத் தகுதிநிலை வழங்கியது, வயதுவந்த ஆண்கள் இருவர் ஒரே வீட்டில் பிரியாமல் இருந்தால் இருமடங்கு வரி விதித்தது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். குலப்பெருமையையும் கூட்டுக்குடும்பத்தையும் உடைத்து, ஒவ்வொரு சிறு குடும்பத்தையும் நேரடியாக அரசின் பதிவேட்டுக்குள் கொண்டுவருவதே அவற்றின் நோக்கம் என்பது விளங்கும். கி.மு. 338-இல் கோமகன் இறந்ததும் ஷாங் யாங் கொல்லப்பட்டார். ஆனால் அவருடைய சட்டங்கள் நீடித்தன. மனிதரை அழித்த புதிய ஆட்சியாளரே அவர் உருவாக்கிய அமைப்பைக் கைவிடவில்லை என்பது எழுச்சிப் பகுதியின் மையக் கருத்தாக இருக்கத்தக்கது.

அந்த அமைப்பு ஓர் எளிய வீட்டில் எப்படி உணரப்பட்டது என்பதைக் காட்டவும் ஷுய்ஹூதியே உதவுகிறது. அங்கே மற்றொரு கல்லறையில் இரண்டு மரப்பலகைக் கடிதங்கள் கிடைத்தன. சூ நாட்டுக்கு எதிரான போர்முனையிலிருந்து ஹெய்ஃபூ, ஜிங் என்ற உடன்பிறந்தோர் ஊருக்கு எழுதியவை அவை. ஊரில் துணி மலிவாக இருந்தால் அம்மா உடை தைத்துப் பணத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும், விலை கூடுதலாக இருந்தால் பணத்தை மட்டும் அனுப்பினால் போதும், இங்கேயே துணி வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்று ஹெய்ஃபூ கேட்கிறார். ஜிங் 500, 600 காசு கேட்கிறார். ஆறு நாடுகளை விழுங்கிய படையின் சட்டைச் செலவை ஒரு தாய் ஏற்றிருக்கிறாள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. தேர்விலும் இரண்டு வரிகளில் எழுதினேன். வம்ச வரலாறு எழுதும்போது பேரரசர்களோடு நின்றுவிடாமல் இப்படி ஒரு வீட்டையாவது தொட்டுவிட்டு வருவது நல்லது.

பொருளாதார அடிப்படையைச் சுருக்கமாக எழுதினால் போதும். கி.மு. 316-இல் ஷு பகுதியை (இன்றைய சிச்சுவான்) கைப்பற்றியதும், அங்கே லீ பிங் அமைத்த தூஜியாங்யான் நீர்ப்பாசனமும், கி.மு. 246-இல் தொடங்கிய ஜெங்குவோ கால்வாயும் சேர்ந்து படைக்கு வேண்டிய தானியத்தைத் தந்தன. கி.மு. 260-இல் சாங்பிங் போரில் ஜாவோ நாடு இழந்தவர்களின் எண்ணிக்கையாக 4,00,000-க்கும் மேல் என்று எழுதும்போது 'சீமா சியான் கணக்குப்படி' என்ற சொற்களைச் சேர்க்க மறக்காதீர்கள்.

மனத்தில் வரிசையாக நிற்க வேண்டியவை:

சின் வென்ற ஆறு நாடுகள்: கி.மு. 230 ஹான், 228 ஜாவோ, 225 வேய், 223 சூ, 222 யான், 221 சி. இந்த ஹான் நாடு வேறு, பின்னால் வரும் ஹான் வம்சம் வேறு. முதலில் குறிப்பிடும்போதே 'ஹான் நாடு' என்று எழுதிவிடுங்கள்.

கி.மு. 221: பேரரசர் பட்டம், 36 மாகாணங்கள், ஒரே எழுத்து, ஒரே எடை, ஒரே அளவை, ஒரே வண்டி அச்சு அகலம்.

கி.மு. 215: வடக்கு எல்லை நாடோடிகளான ஷியோங்னுக்களுக்கு எதிராக மெங் தியான், 3,00,000 வீரர்கள்.

கி.மு. 213 நூல் எரிப்பு, 212 அறிஞர் கொலை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கி.மு. 210 பேரரசர் மரணம், 209 கிளர்ச்சி, 208 முதலமைச்சர் லீ சு கொலை, 207 ஜூலு போரும் ஹூஹாயின் முடிவும், 206 தலைநகர் ஷியான்யாங்கில் தீ.

பெயர்களுக்கு ஒரே எழுத்து வடிவம். முதல் பக்கத்தில் 'சாவோ காவ்' என்றால் கடைசிப் பக்கத்திலும் அப்படியே.

நூல் எரிப்பை அறியாமையின் வெறியாக எழுதிவிடாதீர்கள். அது ஓர் ஆட்சியமைப்பு விவாதத்திலிருந்து பிறந்தது. கி.மு. 221-இலேயே தொலைவிலுள்ள பகுதிகளுக்கு இளவரசர்களை மன்னர்களாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. லீ சு எதிர்த்தார், பேரரசர் அவர் பக்கம் நின்றார். கி.மு. 213-இல் அரண்மனை விருந்தொன்றில் சுன்யூ யுவே என்ற அறிஞர் அதே கோரிக்கையைப் பழைய வரலாற்றைச் சான்று காட்டி மீண்டும் எழுப்பினார். பழமையைக் காட்டி நிகழ்காலத்தைப் பழிப்பதை நிறுத்த வேண்டும் என்று லீ சு அளித்த மறுமொழிதான் நூல் எரிப்பு ஆணையாயிற்று. மருத்துவம், குறி பார்த்தல், வேளாண்மை பற்றிய நூல்களுக்கும் அரசவை அறிஞர்களிடம் இருந்த படிகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மாகாண ஆட்சியையும் நூல் எரிப்பையும் இப்படி ஒரே சரட்டில் கோத்தால் தனித்தனித் தலைப்புகளே தேவைப்படாது.

வீழ்ச்சியில் 'கொடுங்கோன்மை' என்ற ஒற்றைக் காரணத்தை நான் ஏற்கவில்லை, தேர்விலும் அவ்வாறே எழுதினேன். எனக்கு வலுவாகத் தோன்றுபவை இரண்டு. முதலாவது, வாரிசு முறையின் உடைவு. கி.மு. 210-இல் பயணத்தின்போது ஷாசியூவில் பேரரசர் இறந்ததும், அரண்மனை அதிகாரி சாவோ காவும் லீ சுவும் மரணத்தை மறைத்தார்கள். பிண வாடை தெரியாமலிருக்க வண்டியில் உப்பிட்ட மீனை ஏற்றினார்கள் என்கிறார் சீமா சியான். போலி ஆணையால் மூத்த மகன் ஃபூசு தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். எல்லைப் படைத்தலைவர் மெங் தியானும் அழிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கிழக்கே நெருப்புப் பற்றியபோது, சாங் ஹான் என்ற அதிகாரி முதல் பேரரசரின் லீஷான் கல்லறைப் பணியில் இருந்த தண்டனைக் கைதிகளைத் திரட்டிப் போருக்குப் போக வேண்டியிருந்தது. தலைநகரில் சாவோ காவ் லீ சுவைக் கொல்வித்து, பின்னர் ஹூஹாயையும் சாகவைத்தார். அலுவலர் எவ்வளவு திறமையாக ஏடு எழுதினாலும் தலைமை இப்படித் தன்னையே தின்றுகொண்டிருந்தால் அரசு நிற்காது.

இரண்டாவது காரணத்தைப் பலரும் எழுதுவதில்லை. அது காலக் கணக்கு. சி நாடு வீழ்ந்தது கி.மு. 221-இல், கிளர்ச்சி எழுந்தது கி.மு. 209-இல்; இடைவெளி 12 ஆண்டுகளே. பழைய நாடுகளின் மன்னரையும் படையையும் கண்ணால் கண்டவர்கள் எங்கும் உயிரோடு இருந்தார்கள். அதனால்தான் கிளர்ச்சி தொடங்கிய சில மாதங்களிலேயே சூ, ஜாவோ, சி என்று பழைய பெயர்களில் மன்னர்கள் முளைத்தார்கள். ஜூலுவில் சின் படையை நொறுக்கிய ஷியாங் யூ, சின்னிடம் தோற்ற சூ தளபதி ஷியாங் யானின் பேரன். ஹான் அவையில் ஜியா யீ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அறத்தைக் கைக்கொள்ளாததும் வெல்வதும் காப்பதும் வேறுவேறு என உணராததுமே சின் வீழக் காரணம் என்கிறது. அதை மேற்கோளாகக் காட்டலாம். ஆனால் ஹான் ஆட்சிக்கு அறிவுரையாக எழுதப்பட்டது அது என்ற குறிப்பும் உடன்வர வேண்டும்.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மெதுவாகப் படிப்பவள். முதலெழுத்துகளைக் கோத்துச் சூத்திரமாக்கி மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சான்றிலிருந்து வருகிறது என்று கேட்டு, பதிலைக் கையால் எழுதிவைப்பதுதான் என் வழக்கம். பரந்து படிப்பவர்களுக்கு இது சலிப்பூட்டலாம். இருந்தாலும் இந்த ஒரு வினாவுக்கு மட்டுமாவது இப்படிப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நெடுஞ்சுவரும் சுடுமண் வீரர்களும் அனைவருக்கும் தெரிந்தவை. அவற்றுக்கு ஒரு வரிக்கு மேல் செலவிட வேண்டாம்.

கடைசிப் பத்தியை ஷியான்யாங்கில் ஷியாங் யூ வைத்த தீயோடு முடிக்கும் வழக்கம் உண்டு. அதற்குச் சற்று முன்னால் நடந்ததைப் பாருங்கள். கி.மு. 206-இல் பின்னர் ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கின் படை முதலில் நகருக்குள் நுழைந்தபோது, மற்றவர்கள் பொன்னும் பட்டும் தேடி ஓட, அவருடைய அலுவலர் சியாவ் ஹே மட்டும் சின் அலுவலகங்களுக்குச் சென்று சட்ட ஏடுகளையும் நிலப்படங்களையும் பதிவேடுகளையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார் என்று சீமா சியானே எழுதுகிறார். ஜாங்ஜியாஷான் கல்லறையில் கிடைத்த கி.மு. 186-ஐச் சேர்ந்த ஹான் சட்ட ஏடுகள், சின் சட்டங்களைப் பெருமளவு பின்பற்றியிருப்பது இதற்கு வலுவான துணைச்சான்று. வம்சம் வீழ்ந்தது, ஆட்சிமுறை கைமாறியது என்பதை இந்த இரண்டு சான்றுகளோடு ஆறேழு வரிகளில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.