பிராடிக் நாட்குறிப்பு

நவம்பர் 6

அரன் தீவு முழுக்கக் காற்று. ஃபெரி இல்லை. கடிதமும் இல்லை.

நவம்பர் 9

1889இல் இதே தேதி, சனிக்கிழமை, எடின்பரோவில் ஜான் வாட்சன் லாரிக்குக் கொலை வழக்கில் தீர்ப்பு சொன்னார்கள். ஜூரியில் பதினைந்து பேர். முக்கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். எட்டுப் பேர் குற்றவாளி என்றார்கள். ஏழு பேர் 'நிரூபிக்கப்படவில்லை' என்றார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு மூன்றாவது தீர்ப்பும் இருந்தது. எல்லோரும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரே ஒரு ஓட்டு, தூக்கு.

நைட் ஷிப்டில் ஒன்பதாம் அறைத் தாத்தா தூங்காத நாட்களில் இதைத்தான் பேசுகிறார். அவர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது. நேற்றுப் பார்த்த மாதிரி சொல்கிறார்.

நவம்பர் 10

தூக்கம் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

எட்வின் ரோஸ், லண்டன் குமாஸ்தா, 32 வயது, விடுமுறைக்கு வந்தவர். கப்பலில் ஒரு ஆள் பழக்கமானார். அன்னண்டேல் என்று பேர் சொன்னார். உண்மையில் அவர் லாரி, கிளாஸ்கோவில் ஆலைத் தொழிலாளி. இருவரும் இங்கே பிராடிக்கில் ஒரே அறையில் தங்கினார்கள். கூட வந்திருந்த மிக்கெல் என்பவருக்கு அந்த ஆளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ரோஸிடம், இவனோடு சேராதே என்று சொல்லியும் இருக்கிறார். ரோஸ் கேட்கவில்லை. ஜூலை 15, திங்கட்கிழமை பிற்பகல், இருவரும் கோட்ஃபெல் மலை ஏறினார்கள். 874 மீட்டர். இங்கே ஜன்னலைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்கணும், மேகம் விட்டால்.

இறங்கி வந்தது ஒருவர்தான், மலையின் அந்தப் பக்கம், சானாக்ஸ் பள்ளத்தாக்கு வழியாக. கோரி ஹோட்டலில் ஒரு மது வாங்கிக் குடித்தார். அப்புறம் இருட்டில் பிராடிக்குக்கு நடந்தார். காலையில் இரண்டு பேர் மூட்டையையும் தூக்கிக்கொண்டு முதல் கப்பலில் போய்விட்டார். வீட்டுக்காரம்மா என்ன செய்தார்? வாடகை கொடுக்காமல் இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிற சங்கதி.

அதற்கப்புறம் லாரி ரோத்சே ஊரில் செத்தவனின் தொப்பியை மாட்டிக்கொண்டு உலாவினார். கோடு போட்ட கோட்டையும் போட்டுக்கொண்டார். எப்படி முடிந்தது? துணி உடம்பில் பட்டிருக்குமே.

நவம்பர் 12

கீழே மீன் வறுக்கிறார்கள். சாப்பிடப் போகவில்லை.

நவம்பர் 14

லீவு. பஸ்ஸில் கோரி வரைக்கும் போய் வந்தேன். வெயில் அடித்தது, நம்ப முடியவில்லை.

உடலைத் தேடி ஊரே மலையை அலசியது. ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஒரு பெரிய பாறைக்கு அடியில் கிடைத்தது. பாறையின் வாயைக் கல்லும் புல்கட்டியும் வைத்து அடைத்திருந்தது. ரோஸின் இன்னொரு தொப்பி ஓடையில் இருந்தது, நாலாக மடித்து, மேலே ஒரு கனமான கல். தலையின் இடது பக்கம் நொறுங்கியிருந்தது. விழுந்ததா, அடித்ததா என்று டாக்டர்கள் கோர்ட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். என்னைக் கேட்டால் அந்த வாதமே வீண். தவறி விழுந்தவனைக் கல் வைத்து மூடுவானேன்? எட்டுப் பேரும் அதைத்தான் யோசித்திருப்பார்கள். அடித்ததைப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. மறைத்தது மட்டும்தான் அங்கே கிடந்தது.

ஆனால் நான் போனது பூட்ஸுக்காக. ரோஸின் பூட்ஸைக் கான்ஸ்டபிள் ஒருவர் கோரிக் கரையில் புதைத்துவிட்டார், அலை ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவே. மேலதிகாரி சொன்னாராம். கொலை வழக்கில் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா, ஆணி வழுக்கியதா என்று பார்க்க வேண்டிய சாமான் அது! எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? தாத்தா சிரிக்காமல் சொல்கிறார்: "செருப்பு இல்லாவிட்டால் பேய் நடக்காது." போலீசும் மறைத்திருக்கிறது பாருங்கள். அதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

கரை முழுக்கக் கல். காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். குமட்டல் இல்லை.

நவம்பர் 15

அம்மா போன். முகம் வீங்கியிருக்கே என்றாள். நைட் ஷிப்ட் என்றேன்.

நவம்பர் 18

போனில் எதையோ தேடப்போய் இது மாட்டியது. இரண்டு நாளாக வேறு யோசனை ஓடவில்லை.

1690இல் ஸ்காட்லாந்தில் ஒரு சட்டம். ஒரு பெண் வயிற்றில் இருப்பதைக் கடைசி வரை யாரிடமும் சொல்லாமல், பிரசவத்துக்கு உதவியும் கூப்பிடாமல் இருந்து, குழந்தை செத்துக் கிடந்தாலோ காணாமல் போனாலோ, அவள் கொன்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். மரண தண்டனை. கொன்றாள் என்று காட்ட வேண்டியதே இல்லை. 1809இல் அதை மாற்றினார்கள். கொலை போயிற்று, மறைத்தல் மட்டும் குற்றமாக நின்றது. அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்தச் சட்டத்தில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகாத வேலைக்காரப் பெண்கள். பண்ணையில் மாடு பார்க்கிறவள், வீட்டில் எடுபிடி வேலை செய்கிறவள்.

தீவில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரே அறையில் இரண்டு மூன்று பேர் படுக்கிற வீடு. வேலையை விட்டால் போக இடமில்லை, கப்பல் ஏறக் காசில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் தோண்டும்போது ஏதாவது கிடைக்கும். அரசு வக்கீல் ஆள் அனுப்பி, அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து வாக்குமூலம் எழுதுவார். இங்கிலாந்து மாதிரி ஊர் கூடி விசாரிக்கிற வழக்கம் இங்கே இல்லை, எல்லாம் மூடிய கதவுக்குள். மேற்குத் தீவுகளில் சாட்சி கேலிக் மொழியில் சொல்வாள், தாளில் இங்கிலீஷில் ஏறும். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காதவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வாய் திறந்து சொல்வார்கள், இடுப்பு பெருத்தது, வாந்தி எடுத்தாள், பாவாடையைத் தளர்த்தினாள் என்று.

ஒரு விதிவிலக்கு இருந்தது. ஒருவரிடமாவது சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒருவரிடம். அப்போது அது மறைத்தது ஆகாது.

நவம்பர் 19

அவரிடம் சொல்லியிருக்கிறேன். 1809 சட்டப்படி நான் தப்பித்தேன்.

சொன்னால் சிரிப்பார். "உனக்கு வேற வேலையே இல்லையா?"

நவம்பர் 22

அக்கரையில் பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஃபெரி ரத்து. துறையில் கோட்டோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். போன் செய்தால் இசை போடுகிறார்கள். அடுத்த தேதி டிசம்பரில்தான் கிடைக்குமாம். மேனேஜர் பார்த்துவிட்டு எங்கே கிளம்பினாய் என்று கேட்டார். பல் டாக்டர் என்றேன்.

நவம்பர் 30

இன்றைக்குக் கிரீனாக்கில் லாரியைத் தூக்கில் போட்டிருக்க வேண்டிய நாள். அதற்கு முன்னாலேயே மனநிலை சரியில்லை என்று சொல்லி ஆயுள் தண்டனையாக்கிவிட்டார்கள். லாரி 1930 வரை உள்ளேயே இருந்து செத்தார். நாற்பத்தொரு வருடம். பிடிபட்டபோதே சொன்னது: அவனிடம் திருடினேன், கொல்லவில்லை. கழுத்தை அறுத்துக்கொள்ளப் பார்த்து, பாதியில் சொன்னது அது.

ரோஸின் கல்லறை சானாக்ஸில் இருக்கிறது. செதுக்கிய கல் இல்லை, முரட்டுப் பாறை. கோட்ஃபெல்லில் 'இறந்தார்' என்றுதான் அதில் போட்டிருக்கிறது. எட்டுப் பேர் சொன்னது அதில் இல்லை. நல்ல காரியம்.

டிசம்பர் 4

செயின்ட் கில்டா பற்றிப் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன்.

அந்தத் தீவில் பிறந்த குழந்தை நாலைந்து நாள் நன்றாகப் பால் குடிக்கும். அப்புறம் வாய் பூட்டிக்கொள்ளும். எட்டு நாளுக்குள் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிக்கு மேல் அப்படிப் போயின. டெட்டனஸ். கடவுள் சித்தம் என்று விட்டுவிட்டார்கள். தொப்புள் கொடியில் கடல் பறவையின் எண்ணெய் தடவியதுதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு, நிரூபணம் இல்லை. கடைசியில் ஆங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவுக்குப் போய், கிருமி நீக்கிப் பிரசவம் பார்க்கிற முறையைத் தானே கற்றுக்கொண்டு வந்தார். 1890களின் தொடக்கத்தில் அது நின்றது. கத்தியும் நூலும் சுத்தமாக இருந்தால் போதும் என்று தெரிந்துகொள்ள எத்தனை தலைமுறை! ஒரு பாதிரியார், பிரசவம் பார்க்கப் படித்திருக்கிறார். கிழவிகள் எவ்வளவு சண்டை போட்டிருப்பார்கள்.

எட்டு நாள் தாண்டும் வரை துணி தைத்து வைக்க மாட்டார்களாம் அங்கே.

மதினி வாட்ஸ்ஆப்பில் அவள் குழந்தையின் பழைய சட்டை படம் அனுப்பியிருக்கிறாள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை போல. நன்றாகத் திட்டினேன்.

டிசம்பர் 5

1809 சட்டப்படி இப்போது இரண்டு பேர். அத்தைக்கும் தெரிந்திருந்தால் மூன்று.

டிசம்பர் 11

கடிதம் இல்லை.

டிசம்பர் 12

போய் வந்தேன். ஃபெரி ஓடியது. எல்லாம் சரி என்றார்கள். சத்தம் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

டிசம்பர் 15

1900இல் இன்று ஃப்ளானன் தீவின் கலங்கரை விளக்கு நின்றது. விளக்கைப் பார்த்துக்கொண்ட டூகட், மார்ஷல், மெக்கார்தர், மூன்று பேரும் காணோம். அவர்களை மாற்ற வேண்டிய கப்பல் 20ஆம் தேதி வரணும். புயலால் 26 ஆயிற்று. எங்கள் ஃபெரியே தேவலை.

இந்தக் கதையை யார் சொன்னாலும் சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது, நாற்காலி கவிழ்ந்து கிடந்தது என்று ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் 1912இல் வந்த ஒரு கவிதையின் வேலை. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எழுதியது: பாத்திரம் கழுவியிருந்தது. ஒரு எண்ணெய்த்துணிக் கோட்டு மட்டும் மாட்டியபடி இருந்தது, மெக்கார்தருடையது. அந்தக் குளிரில் கோட்டில்லாமல் வெளியே ஓடியிருக்கிறார். கடலுக்கு 110 அடி மேலே வைத்திருந்த பெட்டியை அலை உடைத்திருந்தது. அதைக் காப்பாற்றப் போனார்கள், பெரிய அலை அடித்துக்கொண்டு போயிற்று என்று அதிகாரி மூயிர்ஹெட் எழுதினார். எனக்கு அது போதும். மற்றவர்களுக்குப் போதவில்லை, பேய், கொலை, பைத்தியம் எல்லாம் சேர்த்துவிட்டார்கள். எதையும் மறைக்காதவர்கள்மேல்தான் இத்தனை கதை.

தாத்தாவிடம் சொன்னேன். அவர் மெக்கார்தரின் மனைவியைப் பற்றி மட்டும் கேட்டார்.

டிசம்பர் 20

தாத்தா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "எப்போ?" என்றார். ஜூன் என்றேன். தலையை ஆட்டினார். எத்தனை பேர் ஆயிற்று, எண்ணவில்லை.

டிசம்பர் 27

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பல் டாக்டர் விஷயத்தையும் சேர்த்து. வாழ்த்து சொன்னார். அப்புறம் டிராயரைத் திறந்து ஒரு ஃபாரம் எடுத்தார், ஆறு பக்கம். கனம் தூக்குவாயா, படி ஏறுவாயா, இரவில் தனியாக இருப்பாயா. மூன்றுக்கும் ஆமாம்தான். ஆமாம் போட்டால் நைட் ஷிப்டை எடுத்துவிடுவார்கள். அதில்தான் மணிக்கு ஒன்றரைப் பவுண்டு கூட வருகிறது. கடிதத்துக்குச் சம்பளக் கணக்கும் காட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்.