இடவப்பாதி மழையில் பிலிம் காயவைப்பது

வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவத் தொடங்குகிறவர்கள் முதலில் அஞ்சுவது ரசாயனங்களைப் பார்த்துத்தான். எனக்கும் அந்த அச்சம் இருந்தது. குளச்சலுக்கு அருகே, கடலோசை கேட்கும் தொலைவில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சாமான் அறையை இருட்டறையாக மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளில், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரோ, அதை நிலைநிறுத்தும் ஹைப்போவோ எனக்குப் பெரிய தொல்லை தந்ததில்லை. கெட்டுப்போன என் ரோல்களில் பெரும்பாலானவை, ஒழுங்காகக் கழுவி முடித்த பிறகு, காயும்போதுதான் கெட்டன.

வெப்பநிலையைச் சமாளித்துவிடலாம். டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் அதே அளவு தண்ணீர் கலந்தால் எச்பி5 பிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது, அந்தப் பிலிமைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் தரும் கணக்கு. மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் 31 டிகிரி காட்டும் வீட்டில் அதை 20க்கு இறக்கி அங்கேயே நிறுத்துவது பெரும்பாடு என்பதால், நான் 24 டிகிரியோடு நிறுத்திக்கொண்டு நேரத்தை எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்கிறேன். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஹைப்போ, கழுவும் தண்ணீர் நான்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று குளிர்ந்தும் அடுத்தது வெதுவெதுப்பாகவும் இருந்தால் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சில் நுண்ணிய வலைபோன்ற சுருக்கம் விழுந்துவிடும், பிறகு அதைப் போக்க வழியில்லை. (புழுக்கமான நாளில் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டு பிளாஸ்டிக் ரீலில் பிலிமைச் சுற்றுவது தனிக் கொடுமை. கை வியர்த்து, பிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. அதனால் அதிகாலையில்தான் சுற்றுகிறேன்.)

காயவைப்பதற்கு வருவோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு. துணி துவைத்தால் நுரை வராது. கடைசி அலசலையும் அதிலேயே முடித்த என் முதல் ரோல்களில், ஒவ்வொரு துளி நின்று காய்ந்த இடத்திலும் வெள்ளை வட்டம் படிந்திருந்தது. பிலிமின் பளபளப்பான முதுகுப் பக்கத்தில் படிந்த வட்டத்தை ஈரத்துணியால் துடைத்தெடுக்க முடிகிறது. படம் இருக்கும் ஜெலட்டின் பக்கத்திலோ, சுற்றியுள்ள பகுதி காய்ந்து இறுகிய பிறகும் துளிக்கு அடியில் இருப்பது ஊறியே கிடப்பதால், அந்த இடத்தில் தடம் பெரும்பாலும் நிரந்தரமாகிவிடுகிறது. இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் 600 மில்லி எடுத்து, தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் போட்டோ-ஃப்ளோ திரவத்தில் 3 மில்லி அதில் கலந்து, ரீலை அரை நிமிடம் அசையாமல் அமிழ்த்தி வைக்கிறேன். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைப்பது தவறு, பிசுபிசுப்புதான் மிஞ்சும். பிலிமில் உள்ள ஈரத்தை ரப்பர் வைப்பரால் வழிக்கும் வேலையையும் விட்டுவிட்டேன். முட்டம் பாறைகளை எடுத்த ஒரு ரோலில், ரப்பரில் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல் துகள் 36 படங்களின் வழியாகவும் நேர்க்கோடு இழுத்துவிட்டது.

நீர்த்தடத்துக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது. ஈரக்காற்றுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. இங்குள்ள முதியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களுக்குள் வடகிழக்கு மழையும் வந்துவிடுகிற மாவட்டம் இது. வெயில் நாளில் மூன்று மணி நேரத்தில் விறைப்பாகிவிடும் பிலிம், மழை நாளில் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும். பொறுமையிழந்து மின்விசிறியைப் போட்டபோது தூசியெல்லாம் ஈர ஜெலட்டினில் பதிந்தது. நாகர்கோவிலில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் அதைக் காட்டியபோது, “ஃபேனை மட்டும் போடாத மக்களே, படத்தைவிட தூசிதான் தெளிவா விழும்” என்று சிரித்தார். ஈரமான காற்றை வேகமாக வீசச் செய்வதைவிட, அதைச் சற்றுச் சூடாக்கிவிட்டால் போதும், ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும் என்று விளக்கியதும் அவர்தான்.

அதன்படி, தாத்தாவின் உயரமான மர அலமாரியில் தட்டுகளைக் கழற்றினேன். கீழே துளையிட்டு மல் துணி ஒட்டி, மேலேயும் இரண்டு துளைகள் விட்டு, அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தகரத் தட்டால் மறைத்துப் பொருத்தினேன். ஐந்தடிக்கும் சற்று அதிகமான பிலிம், சுருளாமல் இருக்கக் கீழ்முனையில் கனமான கிளிப்புடன் தொங்குகிறது. உள்ளே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆனி மாத அடைமழையிலும் ஐந்து மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. ஆனாலும் ஓர் இரவு விட்டுவைத்தே ஆறாறு படங்களாக வெட்டுகிறேன். அரைகுறை ஈரத்தில் உறைக்குள் போட்ட நெகட்டிவ்கள் உறையோடு ஒட்டிக்கொண்ட அனுபவம் ஒருமுறை போதும். வெட்டியவற்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடி இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன், ஜெலட்டின் என்றால் பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு.

சென்ற மழைக்காலத்தில் அம்மா, காயாத வடகத்தை அந்த அலமாரியில் ஒரு நாள் வைக்கலாமா என்று கேட்டார். ஹைப்போ நாற்றம் ஏறிவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். உண்மையில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் வந்துவிடுமே என்ற பயம்தான்.