வளைந்த சேசிஸை வீட்டு முற்றத்தில் நிமிர்த்திய கதை

மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில், மம்மல் நேரத்தில், கட்டாக்காலி மாடொன்று குறுக்கே வந்ததில் என் பஜாஜ் சிரீ 100 மோட்டார் சைக்கிள் அதன் விலாவில் மோதியது. மாடு எழுந்து போய்விட்டது. எனக்கும் முழங்கை உரசியதோடு சரி. ஆனால் மறுநாள் ஓடிப் பார்த்தபோது ஹாண்டில் ஒரு பக்கம் இழுத்தது, முன் சில்லும் முன்னையதைவிட இஞ்சினுக்குக் கிட்ட வந்திருந்தது. கராச்சில் பார்த்தவர் சேசிஸையே, அதாவது பிறேம் எனப்படும் இரும்புச் சட்டகத்தையே, மாற்றச் சொன்னார். சேசிஸ் இலக்கம் ஹாண்டில் தண்டு செல்லும் தலைக்குழாயில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் வாகனப் புத்தகத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே முதலில் வீட்டில் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவர், பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்டி 90 சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். "தம்பி, பிறேமிலை கை வைக்க முதல் போர்க்கைக் கழட்டிப் பார்" என்றார். போர்க் என்பது முன் சில்லை இரு பக்கமும் பிடிக்கும் கவை. முன்பக்க மோதலில் பெரும்பாலும் முதலில் வளைவது போர்க் குழாய்கள்தான். அவற்றைக் கழற்றி, பழைய அலுமாரிக் கண்ணாடியின் மேல் உருட்டியபோது, ஒரு குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தது. வளைந்த குழாயை நிமிர்த்திப் போட்டால் எண்ணெய் சீல் நெடுநாள் தாங்காது என்பதால், இரண்டையும் மாற்றினேன்.

மாற்றிய பின்னரும் இழுவை முற்றாகப் போகவில்லை. மேசன் நூலைப் பின் ரயரைச் சுற்றிக் கட்டி, இரு பக்கத்தாலும் முன்னுக்குக் கொண்டுவந்து, பின் ரயரின் இரு ஓரங்களிலும் தொடும்படி இழுத்துப் பிடித்தோம். முன் ரயர் ஒடுக்கமானது. ஆகவே நூலுக்கும் அதற்கும் இடையில் இரு பக்கமும் சம இடைவெளி இருக்க வேண்டும். இடப்பக்கம் குறைவாக இருந்தது. அடுத்து, பின் சில்லைப் பிடிக்கும் பின் போர்க் சுழலும் ஆணியிலிருந்து முன் அச்சு வரை அளந்து, மச்சானின் இதே மாதிரிச் சைக்கிளோடு ஒப்பிட்டோம். பின் அச்சிலிருந்து அளந்திருந்தால், செயின் இறுக்கத்துக்கு ஏற்ப அது முன்பின்னாக இருக்குமாதலால், அளவு ஏமாற்றியிருக்கும். என்னுடையது ஏறத்தாழ ஒரு விரல் அகலம் குட்டையாக இருந்தது. தலைக்குழாயின் அடிப்பகுதி பின்னுக்குத் தள்ளுப்பட்டு, கீழிறங்கும் குழாய் சற்று வளைந்திருந்தது.

நிமிர்த்துவதா கைவிடுவதா என்பதை ஒரு சோதனைதான் தீர்மானித்தது. பெயின்றைச் சுரண்டி, குழாய்களின் வெல்டிங் ஒட்டுகளில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தூவினோம். வெடிப்பு இருந்தால் அதற்குள் நின்ற மண்ணெண்ணெய் கசிந்து, தூளில் மயிரிழைபோலக் கறுத்த கோடு காட்டும். கோடு எதுவும் தெரியவில்லை. குழாயில் மடிப்போ சப்பலோ இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அந்தச் சேசிஸைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருப்பேன்.

இஞ்சினை இறக்கி, சேசிஸின் நடுப்பகுதியை முற்றத்துப் பாலை மரத்தோடு, கோணிச் சாக்கு வைத்து, சங்கிலியால் இறுக்கிக் கட்டினோம். தலைக்குழாய்க்குள் கிணற்று வேலைக்கு வாங்கிய தடித்த இரும்புக் குழாயைச் செலுத்தி, அதன் கீழ் முனையை எதிரே நின்ற வேம்பில் கட்டிய செயின் புளொக்கால் (பாரம் இழுக்கும் சங்கிலிக் கப்பியால்) இழுத்தோம். ஹாண்டில் தண்டு சுழலும் போறிங்கான கோன்செட்டின் கிண்ணங்களை எப்படியும் மாற்றுவதாக இருந்ததால், பழையவற்றை உள்ளேயே விட்டோம். இரும்புக் குழாய் தலைக்குழாயின் உட்சுவரை உரசாமல் அவை காத்தன. இரும்பு விட்டதும் திரும்பி வரும் குணமுடையது. ஆகவே தேவைக்குச் சற்று அதிகமாக இழுத்து, தளர்த்தி, அளந்து, மீண்டும் இழுக்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் காஸ் விளக்கால் சூடாக்கச் சொன்னார்கள். மெல்லிய குழாய் சூட்டில் இலகுவாக வளையும் என்பது உண்மைதான்; ஆனால் சப்பிப்போவதும் ஒட்டுக்குக் கிட்ட உரம் குறைவதும் அதே சூட்டில்தான் நடக்கும். அதோடு, இலக்கம் அடித்த இடத்தில் சூடோ அரமோ பட்டால் பரிசோதனையில் நிற்கும்போது யாரிடம் விளக்கம் சொல்வது?

அளவு மச்சானின் சைக்கிளுக்குச் சரியாக வந்ததும் வெண்கட்டிச் சோதனையை மீண்டும் செய்தோம். இழுக்கும்போது ஒட்டு விட்டுப்போக இடமுண்டு என்பதால், முதற் சோதனையைவிட இதுவே முக்கியமானது. புதிய கோன்செட் போட்டு, ஹாண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எந்த இடத்திலும் சிக்கவில்லை. நூல் இடைவெளியும் இரு பக்கமும் சமமாயிற்று.

முதலில் கிரவல் ஒழுங்கையில் மெதுவாகவும், பின் தார் வீதியில் சற்று வேகமாகவும் ஓடிப் பார்த்ததில் இழுவை இல்லை. சுரண்டிய ஒட்டுகளுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்காமல், மெல்லிய வெள்ளைப் பெயின்ற் மட்டும் பூசியிருக்கிறேன். பிறகு ஏதும் வெடித்தால், துருக்கோடு அதில் உடனே தெரியும்.